துரை இன்னும் சாப்பிடவில்லை

"தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள் தாரகை. வாசற்படியில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "பத்து மணிக்கு நாலு புழு வெச்சுப் பாருங்க, அரை மணி நேரத்துல சாப்பிடலன்னா எடுத்துடுங்க, தொட மட்டும் தொடாதீங்க, ஒரு வாரத்துக்கு யாரும் தொடக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கா" என்றாள். சொல்லியிருக்கா. அம்மாவுக்கு வா, போ, நீ. எனக்கு வெச்சுப் பாருங்க, எடுத்துடுங்க. மூன்று வருஷமாக இந்த 'ங்க' வந்துகொண்டிருக்கிறது, மரியாதையில் ஒரு குறையும் இல்லை. பெயர் சொல்லியோ முறை சொல்லியோ அவள் என்னைக் கூப்பிட்டதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் நான் இருக்கிற அறைக்கு வந்து நிற்பாள், நான் திரும்பிப் பார்க்கிறவரை நிற்பாள். கல்யாணமான புதிதில், சித்தி என்று கூப்பிடு என்று அவள் அப்பா சொன்னார். சரிப்பா என்றாள், அதோடு சரி. இன்று அவளுக்கு அரையாண்டுப் பரீட்சை, கணக்கு. எட்டாம் வகுப்புக் கணக்கைப் புரட்டிப் பார்க்காமல் இரண்டு நாளாக அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் உட்கார்ந்து அழுகிறாள், துரை சாப்பிட மாட்டேங்குது, துரை கறுத்துப் போகுது என்று. அவள் அப்பாவுக்கு டீ ஃபேக்டரியில் இந்த வாரம் முழுக்க வேலை, மெஷின்களைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள், லீவு கிடைக்காது. நேற்று சாயங்காலம் என்னிடம் வந்து நின்றாள். திரும்பினேன். "நாளைக்கு நீங்க லீவு போட முடியுமான்னு அம்மா கேக்கச் சொன்னா." கேட்டது அவளில்லை, பெங்களூரிலிருந்து கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். டிசம்பர் மாதம், குன்னூர் முழுக்க இருமிக்கொண்டிருக்கிற மாதம், மெடிக்கல் ஷாப்பில் மருந்து எடுத்துக் கொடுக்க என்னை விட்டால் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கும் ஜுரம். முதலாளிக்கு ஃபோன் போட்டு உடம்புக்கு முடியவில்லை என்றேன். யார் உடம்புக்கு என்று சொல்லவில்லை.

இப்போது வீட்டில் நானும் அதுவும். கறக் கறக் என்று சுரண்டிக்கொண்டிருக்கிறது. முழங்கையளவு நீளம், காய்ந்த மண் நிறம், கழுத்தைச் சுற்றி முள்முள்ளாக இருப்பதால் தாடி ஓணான் என்று பெயராம், ஆஸ்திரேலியாவில் பாலைவனத்தில் இருக்கிற ஜாதி. பின்னங்கால்களில் எழுந்து நின்று கண்ணாடியில் மார்பை அழுத்தி முன்னங்கால் இரண்டாலும் சுரண்டுகிறது, வழுக்கி விழுகிறது, மறுபடி எழுகிறது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இதே வேலை. எனக்குச் சுவரில் ஓடுகிற பல்லியைக் கண்டாலே தோள்பட்டை கூசும். குளியலறையில் ஒன்று இருந்தால் அவர் வந்து விரட்டுகிறவரை வெளியிலேயே நிற்பேன். அது அவருக்குத் தெரியும். தெரிந்தும், "பாவம் கோமளா, குழந்தை ஆசைப்படுது" என்றார். குழந்தை ஆசைப்பட்டது, குழந்தையின் அம்மா கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அந்தச் சிவப்புக் கார் ஏற்றத்தில் ஏறி வந்து நின்றது. எப்போதும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே பிள்ளையை இறக்கிவிட்டுப் போகிறவள், இந்தத் தடவை பெட்டி பெரிது, தூக்க ஆள் வேண்டும் என்று வீடு வரைக்கும் வந்துவிட்டாள். சுபத்ரா. மூன்று வருஷத்தில் முதல் தடவையாகப் பக்கத்தில் பார்க்கிறேன். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், நரையை மறைக்கவில்லை, அது அவளுக்கு நன்றாக இருந்தது, அதுதான் ஆத்திரம். செருப்பை எங்கே விடுவது என்று கேட்கவில்லை, கதவுக்குப் பின்னால் இருக்கிற மூலையில் பார்க்காமலேயே விட்டாள். ஐந்து வருஷத்துக்கு முன் பிரிந்து போகிறவரை ஒன்பது வருஷம் விட்ட இடம். கூடத்தில் நின்று நாலு சுவரையும் பார்த்தாள். ஜன்னல் பக்கம் வேண்டாம், ஊதல் காற்று வரும், சமையலறைப் பக்கம் வேண்டாம், புகை ஆகாது, "இங்க வெச்சா சரியா இருக்கும்" என்று என் தையல் மெஷின் இருந்த இடத்தைக் காட்டினாள். அங்கே பிளக் இல்லையே என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன். "இருக்கு, அலமாரிக்குப் பின்னாடி ஒரு பிளக் பாயின்ட் இருக்கு. பரிதி, அலமாரியைக் கொஞ்சம் நகத்து" என்றாள். பரிதி. நான் என்னங்க என்று கூப்பிடுகிற ஆளை. அவர் நகர்த்தினார். இருந்தது. மூன்று வருஷமாக நான் பெருக்கித் துடைக்கிற வீட்டில், என் புடவைகள் அடுக்கி வைத்த அலமாரிக்குப் பின்னால், ஒட்டடை படிந்து, எனக்குத் தெரியாமல் ஒரு பிளக் பாயின்ட்.

அப்புறம் டீ. அதை நினைக்கக் கூடாது என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் போடுகிறேன் என்பதற்குள் அவர் போய்ப் போட்டுவிட்டார். இஞ்சி தட்டுகிற சத்தம் கேட்டது. எங்கள் வீட்டு டீயில் இஞ்சி கிடையாது, அவருக்கு நெஞ்செரிச்சல். ஒரு டம்ளர் மட்டும் தனியாக, இஞ்சி போட்டு, சர்க்கரை இல்லாமல். அவள் அதைப் பார்க்காமல் வாங்கிக் குடித்தாள், நன்றி சொல்லவில்லை, அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. எனக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று அவரைக் கேட்டால் சொல்லுவாரா. சொல்லுவார், சொல்லாமல் என்ன, தினமும் குடிக்கிறோம். ஆனால் ஐந்து வருஷம் என்னைப் பார்க்காமல் இருந்துவிட்டு ஒரு நாள் நான் வந்து நின்றால் சொல்லுவாரா. இப்படித்தான் மனசு எங்கேயோ போய் முட்டிக்கொள்கிறது. வெளியில் பனி இறங்கி எதிர் மலையில் தேயிலைத் தோட்டமே தெரியவில்லை. பெட்டிக்குள் மட்டும் மஞ்சள் வெயில். ஒரு பக்கம் சூட்டு விளக்கு, அதன் அடியில் ஒரு தட்டைக் கல், அங்கே நாற்பது டிகிரி இருக்க வேண்டும், மறு பக்கம் இருபத்தைந்து. எல்லாம் சுபத்ரா எழுதி வைத்திருக்கிறாள். நாலு பக்கம், உருண்டை உருண்டையான கையெழுத்து. காலையில் என்ன கீரை, சாயங்காலம் எத்தனை புழு, புழுவைக் கால்சியம் பவுடரில் எப்படிப் புரட்டுவது. கால்சியம் எப்படிக் கொடுப்பது என்று எனக்குச் சொல்லித் தருகிறாள், பதினாறு வருஷமாக மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிற எனக்கு. ஆனால் அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் தாளைக் கவிழ்த்து வைத்தது அதற்காக இல்லை. சாமான் அறைக் கதவின் உள்பக்கத்தில் அதே கையெழுத்து இருந்தது. பென்சில் கோடுகள், பக்கத்தில் தேதி, தாரகை இரண்டு வயது, தாரகை மூன்று வயது, நாலே கால். அவள் வளர வளரக் கோடு மேலே போயிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது பெயின்டர் கேட்டார், "இந்தக் கதவு உள்பக்கம் அடிக்கணுமாம்மா?" நான் அடுப்பில் என்னவோ கிளறிக்கொண்டிருந்தேன். "எல்லாக் கதவுந்தான்" என்றேன். அவ்வளவுதான் செய்தேன். ஒரு வாக்கியம். தாரகை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, ஊறுகாய் எடுக்க உள்ளே போய், வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கையில் ஊறுகாய் ஜாடி இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அவரிடமும் சொல்லவில்லை. அழுதிருந்தால், கத்தியிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். கேட்டிருப்பேனா. தெரியாமல் செய்துவிட்டார் பெயின்டர் என்று சொல்லியிருப்பேன்.

பத்து மணி. புழு டப்பாவைத் திறந்தால் தவிட்டுக்குள் நெளிகிறது. இடுக்கியால் நாலை எடுத்து, பவுடரில் புரட்டி, கிண்ணத்தில் வைத்து, மேல் மூடியைச் சறுக்கித் திறந்து உள்ளே இறக்கினேன். அது சுரண்டுவதை நிறுத்தி என்னைப் பார்த்தது. ஒரு கண்ணால்தான் பார்த்தது, மறு கண் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. கழுத்து கறுகறுவென்று உப்பியது. கோபம் வந்தால், பயம் வந்தால் தாடி கறுக்குமாம், மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாள். என்மேல் என்ன கோபம். சாப்பிடு என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டு, யாராவது கேட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன். ஒரு புழு கிண்ணத்தின் விளிம்பில் ஏறப் பார்த்து விழுந்தது. துரை அதைப் பார்க்கக்கூட இல்லை, மறுபடி எழுந்து நின்று சுரண்ட ஆரம்பித்தது. அரை மணி நேரம் கழித்துப் புழுவை எடுத்தேன். மூன்றாம் நாள். ஞாயிற்றுக்கிழமை படி இறங்கும்போது சுபத்ரா சொன்னது என் காதில் விழுந்தது, எனக்காகச் சொன்னதில்லை, அவரிடம் சொன்னாள். "ஒரு வாரத்துல செட்டாகலன்னா சொல்லு, நான் வந்து எடுத்துட்டுப் போறேன். அப்புறம் பரிதி, ஜூன்ல ஒன்பதாவதுக்கு அவள பெங்களூர்ல சேக்கலாமான்னு ஒரு யோசனை. அவ இஷ்டந்தான்." அவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்கவில்லை, நேற்றுக் கேட்கவில்லை, கேட்டால் அது என் காதில் விழுந்தது தெரிந்துவிடும். அவராகவும் சொல்லவில்லை. அப்படியானால் இது வெறும் ஓணான் இல்லை. முன்னால் ஒரு ஆளை அனுப்பி வைத்திருக்கிறாள், பின்னாலேயே அவள் வருவாள், வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவாள். இப்படி நினைத்துக்கொண்டு நின்றபோது விளக்கு அணைந்தது. ஃபிரிட்ஜ் அடங்கியது. கரண்ட் போய்விட்டது. கூடம் முழுக்க ஒரே சாம்பல் நிறமாகி, பெட்டியும் மற்ற சாமான்களைப் போல ஆகிவிட்டது.

பத்து நிமிஷத்தில் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. ஜன்னல் கண்ணாடியில் ஈரம் வழிகிறது. ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போட்டுக்கொண்டேன். பெட்டிக்குள் இருக்கிற சின்ன மீட்டரில் இருபத்தாறு, இருபத்து மூன்று, இருபது. துரை சுரண்டுவதை நிறுத்தியிருந்தது. கல்லின்மேல் போய்ப் படுத்திருந்தது, கல்லில் இன்னும் கொஞ்சம் சூடு மிச்சமிருந்திருக்கும். வயிற்றில் கறுப்புக் கோடுகள் தெரிந்தன. பதினொன்றரைக்குக் கரண்ட் வந்தது. ஃபிரிட்ஜ் உறுமியது, டியூப் லைட் எரிந்தது, பெட்டி எரியவில்லை. அதற்கென்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது, கரண்ட் போய் வந்தால் அதை ஒரு தடவை அழுத்த வேண்டும். எழுதி வைத்திருக்கிறாள், முதல் பக்கத்திலேயே, அடிக்கோடு போட்டு. அலமாரிக்குப் பின்னால், அந்தப் பிளக் பாயின்ட் பக்கத்தில். போனேன், குனிந்தேன், கையை விட்டேன், விரல் பொத்தானின்மேல் இருந்தது. அழுத்தவில்லை. ஏன் என்று இப்போது கேட்டால், யோசித்துக்கொண்டிருந்தேன் என்பேன். இது சாப்பிடாவிட்டால் அவள் வந்து எடுத்துக்கொண்டு போவாள், என் தையல் மெஷின் பழைய இடத்துக்கு வரும், அலமாரி பின்னால் நகரும். ஆனால் துரை போனால் தாரகையும் பின்னாலேயே போவாள், அங்கே வெயில் இருக்கிறது, அங்கே துரை நன்றாக இருக்கும், அங்கே அம்மா இருக்கிறாள். இது பிழைத்து இங்கேயே இருந்தால் தாரகை இருப்பாள், ஆனால் கூடத்தில் தினமும் சுபத்ரா இருப்பாள், துரை சாப்பிட்டுச்சாம்மா, துரை தூங்குதும்மா என்று தினமும் ஃபோன், அப்புறம் ஜூனில் எப்படியும் போவாள், பெட்டியோடு போவாள். அழுத்தினாலும் போவாள், அழுத்தாவிட்டாலும் போவாள். அப்படியானால் அழுத்தினால் என்ன, அழுத்தாவிட்டால் என்ன. நான் ஒன்றும் செய்யவில்லையே, கரண்ட் போயிற்று, எனக்குப் பொத்தான் விஷயம் ஞாபகமில்லை, நாலு பக்கம் எழுதினால் யாருக்கு ஞாபகம் இருக்கும். எல்லாக் கதவுந்தான். அந்தப் பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியது, நிஜமாகவே ஏறியது. சுவரில் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டுக்கு ஏழு நிமிஷம் இருந்தது. இருபது நிமிஷத்துக்கு மேல் குனிந்து நின்றிருக்கிறேன். இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது.

அழுத்தினேன். விளக்கு எரிந்தது. அது அசையவில்லை. கண் மூடியிருந்தது, இரண்டு கண்ணும். கல்லின்மேல் முகத்தை வைத்து, கால்களை இரண்டு பக்கமும் விட்டுவிட்டு, யாரோ போட்டுவிட்டுப் போன கையுறை மாதிரி கிடந்தது. துரை என்றேன். மூடியைத் தட்டினேன். தாரகை நாலு மணிக்கு வருவாள், ஷூவைக்கூடக் கழற்றாமல் இங்கேதான் ஓடி வருவாள். வந்து பார்த்து, ஒன்றும் கேட்கமாட்டாள். அதுதான். ஒன்றும் கேட்கமாட்டாள். மூடியை முழுக்கத் திறந்து, கையை உள்ளே விட்டேன். தோள்பட்டை கூசியது, முழங்கை வரைக்கும் மயிர் சிலிர்த்தது, நிறுத்தவில்லை. வயிற்றுக்கு அடியில் விரலைக் கொடுத்துத் தூக்கினேன். வழவழவென்று இருக்கும் என்று நினைத்தது சொரசொரவென்று இருந்தது, ஜில்லென்று இருந்தது. சால்வையை விலக்கி, ஸ்வெட்டருக்குள், நெஞ்சோடு வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு நகம் ரவிக்கையில் மாட்டியது. இன்னொன்று. மெதுவாக ஏறி, கழுத்துப் பள்ளத்தில் தாடையை வைத்தது. என் நெஞ்சு அடித்துக்கொள்வது அதற்குக் கேட்டிருக்கும். தாரகைக்கு இரண்டு வருஷத்துக்கு முன் ஜுரம் வந்தபோது இப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு இருந்தது. வைத்துக்கொள்ளவில்லை. நெற்றியில் ஈரத் துணி போட்டேன், மணிக்கு ஒரு தடவை டெம்பரேச்சர் பார்த்தேன், மருந்து கொடுத்தேன், தேங்க்ஸ் என்றாள். இந்த முள் உடம்பு என்ன சொல்லுமோ, ஒன்றும் சொல்லவில்லை, கண்ணை மட்டும் திறந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஃபோனை எடுத்தேன். சுபத்ராவின் நம்பர் இருக்கிறது, அவசரத்துக்கு என்று அவர் போட்டு வைத்தது, ஒரு நாளும் அழைத்ததில்லை.

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். "நான் கோமளா பேசறேன். குன்னூர்லேர்ந்து" என்றேன், வேறு எந்தக் கோமளாவாக இருக்கப்போகிறேன். "சொல்லுங்க. தாரகைக்கு ஒண்ணுமில்லையே?" "இல்ல, அவ பரீட்சைக்குப் போயிருக்கா. துரை. கரண்ட் போயிடுச்சு. ரொம்ப நேரம். ஜில்லுன்னு ஆயிடுச்சு, நான் தூக்கி வெச்சிருக்கேன். தொடக் கூடாதுன்னு சொன்னீங்களாம்." எவ்வளவு நேரம் கரண்ட் இல்லை என்று கேட்டாள். "பன்னண்டு வரைக்கும்" என்றேன். அந்த இருபது நிமிஷத்தைக் கரண்ட் கணக்கில் சேர்த்துவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "எங்க வெச்சிருக்கீங்க? நெஞ்சு மேலயா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "கழுத்துகிட்ட வந்து தாடையை வெச்சுக்குதா?" ஆமாம் என்றேன். அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. "ஒண்ணுமில்ல. என்கிட்ட அப்படித்தான் படுத்துக்கும். ஒன்றரை வருஷமா. ஆபீஸ் விட்டு வந்தா வீட்ல அது ஒண்ணுதான்" என்றாள். எனக்குப் புரியவில்லை. தாரகைக்காக வாங்கியதுதானே என்றேன். "இல்லங்க, என்னோடது. லீவுக்கு வர்றப்பல்லாம் அவ கொஞ்சிக்கிட்டே இருப்பா. அதான் குடுத்துட்டேன்." என் கழுத்தில் அந்தத் தொண்டை மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொருத்தியுடையது இது, எனக்கு அந்த எண்ணம்தான் முதலில் வந்தது, பரிதாபம் அதற்குப் பின்னால்தான் வந்தது, மெதுவாக. கேட்டுவிட்டேன். "ஜூன்ல அவள அங்க கூட்டிட்டுப் போறீங்களா?" "சனிக்கிழமையே அவகிட்டக் கேட்டேன். வரலன்னுட்டா. மனசு மாறுவாளோன்னு பரிதிகிட்டயும் சொல்லிப் பாத்தேன். மாறமாட்டா, அவ பிடிவாதம் எனக்குத் தெரியும். அங்கயே இருக்கேம்மான்னா. சரி, நான் இல்லன்னா துரையாவது அவகூட இருக்கட்டும்னு தோணுச்சு." ஏன் வரமாட்டேன் என்றாள் என்று கேட்டேன். "பெங்களூர் பிடிக்கலையாம். ஸ்கூல் பிடிச்சிருக்காம், குளிர் பிடிச்சிருக்காம்." வேறு என்ன பிடித்திருக்கிறது என்று சொன்னாள், வேறு யாரைப் பற்றியாவது சொன்னாளா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. குளிர் பிடித்திருக்கிறதாம். கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது.

"இப்போ கல்லு மேல விடுங்க" என்றாள். நகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி விட்டேன். வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் படுத்திருந்தது. அப்புறம் தலையைத் தூக்கிப் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தது, தாடி கறுத்தது, எழுந்து போய்ச் சுரண்ட ஆரம்பித்தது. கறக் கறக். அந்தச் சத்தம் அவளுக்கும் கேட்டது. "என்ன சத்தம் அது?" என்றாள். "மூணு நாளா இப்படித்தான். அங்கயும் செய்யுமா?" "இல்லவே இல்ல." "அங்கயும் இதே பெட்டிதானா?" "இல்ல, அது மரப்பெட்டி, முன்னாடி மட்டும் கண்ணாடி. குன்னூர் வர்றதுக்குன்னு புதுசா, நல்லதா வாங்கினேன், நாலு பக்கமும் கண்ணாடி, அவ எல்லாப் பக்கமிருந்தும் பாக்கலாம்னு." நான் குனிந்து, அதன் தலைக்கு நேராக என் தலையை வைத்துப் பார்த்தேன். கண்ணாடியில் இன்னொரு துரை இருந்தது. அதே முள், அதே கறுப்புத் தாடி, இதைப் பார்த்துக்கொண்டே எழுந்து நிற்கிறது. "உள்ள இன்னொண்ணு இருக்குன்னு நெனைக்குதுங்க" என்றேன். "தன் இடத்துல வேற ஒண்ணு வந்துடுச்சுன்னு. அதான் சாப்பிடல, எப்படிச் சாப்பிடும்." சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவள் நாலு பக்கம் எழுதியதில் இது இல்லை. இதை நான்தான் கண்டுபிடித்தேன் என்ற சந்தோஷம் ஒரு பக்கம், இதை இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டேனே என்ற கூச்சம் ஒரு பக்கம். "அய்யோ, எனக்குத் தோணவே இல்ல பாருங்க" என்றாள். ஃபோனை வைக்காமல் ஸ்பீக்கரில் போட்டேன். தாரகையின் நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட வாங்கிய காக்கித் தாள் மீதி இருந்தது. அளந்து வெட்டி, மூன்று பக்கமும் ஒட்டினேன். டேப் எங்கே என்று தேடும்போது, "அந்த மேல் டிராயர்ல" என்று அவள் சொல்வாளோ என்று ஒரு கணம் காத்திருந்தேன். சொல்லவில்லை. டேப் கீழ் டிராயரில் இருந்தது, நான் வைத்த இடத்தில்.

சுரண்டல் நின்றது. அந்தப் பக்கம் பார்த்தது, இந்தப் பக்கம் பார்த்தது. கறுப்பு மெல்ல வடிந்து தாடி மண் நிறமானது. "இடுக்கி வேண்டாம், கைல குடுத்துப் பாருங்க, எங்கிட்ட கைலதான் வாங்கும்" என்றாள். ஒரு புழுவை இரண்டு விரலால் பிடித்தேன், அது நெளிய நெளிய எனக்குக் குமட்டியது. நீட்டினேன். துரை தலையைச் சாய்த்தது. நாக்கு ஒரு தடவை வெளியே வந்து போனது. அப்புறம் லபக்கென்று, விரல் நுனியில் அந்த வாயின் ஈரம் பட, எடுத்துக்கொண்டது. மென்றது. அந்தச் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "சாப்பிட்டுச்சா?" "ம்." அழுதாள், இந்தத் தடவை மறைக்காமல். இரண்டாவது கொடுத்தேன், மூன்றாவது கொடுத்தேன். என் கையிலிருந்து. இந்தப் பிள்ளை மூன்று நாளாக அழுது கேட்டும் வாங்காததை, இவள் எழுதி எழுதிச் சொல்லியும் நடக்காததை. வீடியோ எடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும், தாரகை வந்ததும் காட்ட வேண்டும், பார், என் கையிலிருந்து என்று. அவள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். சந்தோஷப்படுவாள். தேங்க்ஸ் என்பாள். அப்புறம் உள்ளே போய் வெகுநேரம் வெளியே வரமாட்டாள். நாலாவது புழுவை டப்பாவிலேயே போட்டு மூடினேன். "சுபத்ரா" என்றேன். பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "இத அவகிட்டச் சொல்ல வேண்டாம். அவ வந்து அவ கையால குடுக்கட்டும். அதுதான் முதல் தடவைன்னு இருக்கட்டும்." பெரிய மனசு என்று சொல்லிவிடப்போகிறாளோ என்று பயமாக இருந்தது. சொல்லியிருந்தால் ஃபோனை வைத்திருப்பேன். "சரிங்க" என்றாள்.

நாலே காலுக்கு வந்தாள் தாரகை, ஷூவோடு. காக்கித் தாளைப் பார்த்து நின்றாள். கண்ணாடியில் அது தன்னையே பார்க்கிறது என்று சொன்னேன், அதை மட்டும் சொன்னேன். "பரீட்சை எப்படி?" "பரவால்ல" என்று என்னைப் பார்க்காமல் சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, புழுவை நீட்டினாள். துரை, வயிறு பாதி நிறைந்திருந்த துரை, யோசித்தது. வாங்கு, வாங்கிக்கொள், உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன் என்று மனசுக்குள் சொன்னேன், யாரிடம் சொல்கிறேன் என்று தெரியாமல். லபக். தாரகை திரும்பி என்னைப் பார்த்தாள், கண் முழுக்கத் தண்ணீர். நான் வாயில் கை வைத்து ஆச்சரியப்பட்டேன். அவ்வளவு மோசமாக நடித்தும் அவள் நம்பினாள். அடுத்த நிமிஷம் ஃபோன் அவள் கையில், ஸ்பீக்கர் போட்டு, "அம்மா, துரை சாப்பிட்டுச்சும்மா. என் கைலேர்ந்து. இப்பத்தான், முதல் தடவை." அந்தக் குரல் வந்தது, ஒரு பிசிறில்லாமல், "நெசமாவா? உன் கைலயா? எப்படி வாங்குச்சு, சொல்லு சொல்லு" என்று. மத்தியானம் என்னிடம் அழுத அதே குரல். என்னைவிட எவ்வளவு நன்றாகச் செய்கிறாள் என்று நினைத்தேன். இதிலும்கூட. தாரகை ஒன்றுவிடாமல் சொன்னாள், தலையைச் சாய்த்தது, நாக்கை நீட்டியது, எல்லாம். நான் அங்கேயே நின்று கேட்டேன், சமையலறைக்குப் போகவில்லை. "அவங்க பக்கத்துல இருக்காங்களா? குடு" என்றது ஃபோன். தாரகை ஸ்பீக்கரை அணைத்து என்னிடம் நீட்டினாள். காதில் வைத்தேன். "துரை சாப்பிட்டுச்சாமே" என்றாள் சுபத்ரா. "ஆமாங்க, இப்பத்தான்" என்றேன், "இவ கையால." அவள் மூச்சு விடுவது கேட்டது. தாரகை கையை நீட்டினாள், ஃபோனைக் கொடுத்தேன்.